மாவட்டத்துக்கு ஒரு கை

நடுக்கக் காய்ச்சல் வந்த வருடம் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் கண்ணாடிக் கிளாஸை ஒழித்துவிட்டு, மூடி போட்டுக் குழல் செருகிய டம்ளரைக் கொடுத்தார்கள். கிளாஸில் கொடுத்தால் டீ சட்டைக்குத்தான் போனது. காய்ச்சல் என்னவோ ஒரு வாரத்தில் இறங்கிவிடும். கை நடுக்கம் மட்டும் தங்கிவிடும். கால் நன்றாக நடக்கும், தலை நன்றாக யோசிக்கும், கை மட்டும் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். நாவிதர்கள் கடையடைத்தார்கள்; மாவட்டம் முழுக்கத் தாடி. பத்திர ஆபீஸில் எல்லோருடைய கையெழுத்தும் ஒரே மாதிரி ஆகிவிட்டதால், யார் நிலம் யாருக்குப் போயிற்று என்று இன்றுவரை வழக்கு நடக்கிறது. ஒரு தவில் வித்துவான் மட்டும் முன்னைவிட நன்றாக வாசிக்கிறார் என்று பேர் வாங்கினார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் அறுவை சிகிச்சை செய்கிறவன்.

அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைத் துறைக்குத் தலைவன். பெயர் பூதலிங்கம். ஓடுகிற பஸ்ஸில், அதுவும் அம்பாசமுத்திரம் ரோட்டில், நின்றுகொண்டே ஊசியில் நூல் கோத்தவன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது பொய். உட்கார்ந்துகொண்டுதான் கோத்தேன்.

எங்கள் பக்கத்தில் டாக்டரின் படிப்பை யாரும் கேட்பதில்லை. கைராசி உண்டா என்றுதான் கேட்பார்கள். எனக்கு உண்டு. புதுக் கடை திறந்தால் முதல் போணி என் கையால் நடக்கவேண்டும் என்று வந்து நிற்பார்கள். ஒரு தடவை ஒரு கோழிப் பண்ணைக்காரர், சைவச் சாப்பாட்டுக்காரனான என்னிடம் முதல் முட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்ட கை.

காய்ச்சல் வந்ததும் எங்கள் ஆபரேஷன் தியேட்டர்களை ஒவ்வொன்றாகக் காய்ச்சல் வார்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு ஒன்று மிஞ்சியது. காலையில் துறைக் கூட்டம் என்றால் அதில் ஒரே பேச்சுதான்: இன்றைக்கு யாரை அறுப்பது, யாரை நாளைக்குத் தள்ளுவது. மூலத்தைத் தள்ளினோம், குடலிறக்கத்தைத் தள்ளினோம், வலிக்காத கட்டிகளையெல்லாம் தள்ளினோம். ஆனால் குடல் வெடித்து வந்தவனிடம் கொள்ளைநோய் முடிந்ததும் வா என்று சொல்ல முடியாது. இதற்கிடையில் சர்ஜன்களும் ஒவ்வொருவராக நடுங்கத் தொடங்கினார்கள்.

எனக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. சட்டைப் பொத்தான் போட முடியாமல் என் மனைவி ஆவுடையைக் கூப்பிட்டேன்.

"உங்களுக்குமா?" என்றாள். அவளுக்கு முந்தின வாரமே வந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொத்தான் போட்டோம். அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

துறையில் நடுங்காமல் மிஞ்சியது ஒரே ஆள். டாக்டர் பிரிஸ்கா. புன்னைக்காயல்காரி. என் கீழே ஏழு வருடம் வேலை பார்த்தவள். கெட்டிக்காரி என்று அவளைப் பற்றி நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன், அவள் கை என் கையைவிடக் கொஞ்சம் குறைவு என்கிற தைரியத்தில்.

அப்போதுதான் அரசாங்கம் அந்தக் கையுறையை அனுப்பியது. மாவட்டத்துக்கு ஒரு ஜோடி. அதோடு கோயம்புத்தூரிலிருந்து நாச்சிமுத்து என்று ஒரு இன்ஜினீயரும் வந்தார்.

"ஏனுங்க சார், இது ரொம்ப லேசுங்க," என்றார். "சுத்தமான ரூமுல நடுங்காத டாக்டரு ஒருத்தரு உக்காந்து வெறுங்காத்துல கையை அசைப்பாங்க. அந்த அசைவு கம்பி வழியா வந்து தியேட்டர்ல இருக்கற இந்தக் கையுறையை அசைக்குமுங்க. உள்ள இருக்கற கை சும்மா கூட வருமுங்க."

"சும்மா வர்ற கை எதுக்குவே?"

"கை இல்லாத கையுறை ஆளை அறுத்தா கேஸ் ஆயிருமுங்க. சட்டப்படி உள்ள ஒரு டாக்டரு கை இருக்கோணும். அப்புறம், உள்ள இருக்கற நடுக்கத்தை இது படிச்சுப் பழகுமுங்க. பழகுனாத்தான அமுக்க முடியும்?"

கையுறையை யாருடைய கை அளவுக்குச் செய்வது என்று கேட்டு மேலே எழுதியிருந்தார்கள். பணிமூப்புப்படி செய்க என்று பதில் வந்தது. ஆக, கையுறை எனக்கு, கை பிரிஸ்காவுக்கு.

தியேட்டரை ஒட்டி ஒரு கண்ணாடி அறை கட்டினார்கள். காற்றைக்கூட வடிகட்டித்தான் உள்ளே அனுப்பினார்கள். பிரிஸ்காவை அதில் குடிவைத்துப் பூட்டினார்கள். கட்டில், கக்கூஸ், அறுக்கிற இடத்தைக் காட்டும் ஒரு திரை, அதன் எதிரே ஒரு நாற்காலி, அந்த நாற்காலியில் அவள் மாட்டிக்கொள்ளும் வலைபோன்ற ஒரு கையுறை. அவ்வளவுதான் அவள் வீடு. கலெக்டர் வந்து ஒலிபெருக்கியில் பேசினார்: "மாவட்டத்தில் நடுங்காத கை இது ஒன்றுதான். இதைக் காப்பது நம் அனைவரின் கடமை." இதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாளே ஜனம் வந்துவிட்டது. முதலில் ஒரு பழக்கடைக்காரர் கண்ணாடிக்கு வெளியே ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிப் பிடித்து, "அம்மா, அந்தப் பக்கமா நின்னு ஒருக்கா தொடுங்க," என்றார். பிரிஸ்கா பாவம், அவர் போனால் போதும் என்று கண்ணாடியில் விரலை வைத்தாள். அன்றைக்கு அவர் கடையில் பழம் பறந்ததாம். அடுத்த வாரம் கண்ணாடிக்கு மஞ்சள் பூசிவிட்டார்கள். வேப்பிலை கட்டினார்கள். பிரிஸ்கா ஃபெர்னாந்து என்று பெயர்ப்பலகையில் படித்துவிட்டு ஒரு கூட்டம் மெழுகுவர்த்தி ஏற்றியது. வேப்பிலைக்காரர்களுக்கும் மெழுகுவர்த்திக்காரர்களுக்கும் இடத்தகராறு வராமல் இருக்க, வராண்டாவில் நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன். அந்தக் கோடும் கோணலாகத்தான் வந்தது.

"சார், நான் ஒரு டாக்டர் சார்," என்று உள்ளேயிருந்து மைக்கில் கத்துவாள் பிரிஸ்கா. "யாராவது அந்தச் சூடத்தைத் தூரக் கொண்டு போங்களேன். கண்ணாடி கரியாகி எனக்கு வெளிய ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

நான் பொறாமைப்பட்டேன். ஏனோதானோ என்று படவில்லை. ஒழுங்காக, அலுவலக நேரத்தில், ஒரு நாள்கூட லீவு போடாமல் பட்டேன்.

நீங்களே சொல்லுங்கள். கத்தியைப் பிடித்திருப்பது நான். நோயாளியின் ரத்தம் தெறிப்பது என் மேல். அவர்களோ என்னைக் கோட்டு மாட்டும் கொக்கியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒரு பீடிக் கம்பெனி முதலாளி, மேசையில் படுத்துக்கொண்டு, "நீங்க யாரு, கம்பவுண்டரா? அம்மா கை எங்க?" என்றார்.

"இதுக்குள்ளதான் இருக்கு," என்று என் கையைக் காட்டினேன். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

தியேட்டர் நர்ஸ் தங்கபுஷ்பம் எனக்கு இருபது வருடப் பழக்கம். அவளும் மாறிவிட்டாள். "சார், கைய லூசா விடுங்க. நீங்க விறைச்சுக்கிட்டு நின்னா மேடம் எப்படி வேலை செய்வாங்க?"

"நான் விறைக்கல. வயசு அப்படி."

"மேடம் எவ்வளவு அழகா முடிச்சுப் போடுதாங்க, பாருங்க."

முடிச்சைப் பார்த்தேன். நான் போடுவதைப்போலவே இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

வீட்டிலும் விடிவில்லை. ஆவுடை, பரம்பரையாக மரக்கறி தவிர வேறெதுவும் நுழையாத எங்கள் சமையலறையில், புறவாசல் அடுப்பில் நண்டு வேகவைக்கத் தொடங்கினாள்.

"இது என்ன வாடை?"

"நண்டு. பிரிஸ்கா கேட்டா. கடக்கரைப் பிள்ளை, ரசத்தையும் அப்பளத்தையும் தின்னு எத்தனை நாளைக்கு இருக்கும்?" நடுங்குகிற கையோடு அவள் நண்டின் காலை உடைப்பதற்குள் நண்டுக்கே அலுப்புத் தட்டியிருக்கும். எனக்கு அவள் தோசை சுட்டால் அது கர்நாடகா வரைபடம்போல வரும். பிரிஸ்காவின் நண்டு மட்டும் முழுசாகப் போனது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பிரிஸ்காவுக்கும் என்மேல் பொறாமைதான்.

"சார், இன்னைக்கு டீக்கடையில என்ன வடை?" என்று கேட்பாள்.

"உளுந்த வடை."

"சுடச்சுடவா?"

"சுடச்சுட. பாதி சட்டையில விழுந்துட்டு."

"விழட்டுமே சார். கடை வாசல்ல நின்னு சட்டையில வடையைக் கொட்டிக்கிறதுக்கு நான் என்ன வேணாலும் தருவேன்."

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ரெமிஜியூஸ், தூத்துக்குடியில் ஐஸ் பாக்டரி வைத்திருப்பவன். இரண்டு முறை தேதி குறித்துத் தள்ளிப்போட்டாயிற்று. அவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, வேப்பிலைக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவே நான் போட்ட கோட்டின் மேல் நின்று, அவளைப் பார்த்துவிட்டுப் போவான். பக்தர்கள் அவனை வரிசையில் வரச் சொல்வார்கள். மூன்றாவது முறையும் தேதி குறித்தார்கள்.

"சார், இந்தத் தடவ என்னை விட்டுருங்க," என்றாள் பிரிஸ்கா. "நீங்க எழுதிக் குடுத்தா கலெக்டர் விடுவாரு. எனக்கும் காய்ச்சல் வரட்டும். வந்துட்டுப் போகட்டும். எல்லாரையும் மாதிரி நானும் நடுங்கிட்டுப் போறேன்."

நினைத்துப் பாருங்கள். அவள் கை நடுங்கவேண்டும் என்று இந்த உலகத்தில் ஆசைப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள், மற்றது நான். ஒரு கையெழுத்துப் போட்டால் இரண்டு பேர் ஆசையும் தீரும். ஆனால் அன்று காலைதான் பஸ் மோதி மண்ணீரல் கிழிந்த ஒருவனைத் தைத்து அனுப்பியிருந்தோம். அவன் வார்டில் உட்கார்ந்து இட்லி கேட்டுக்கொண்டிருந்தான்.

"முடியாதும்மா," என்றேன்.

"பொறாமை சார் உங்களுக்கு."

"ஆமா. ஆனா அதுக்காக இல்ல."

அவள் நம்பவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு வடை விசாரிக்கவில்லை.

அந்தக் கல்யாணத் தேதிக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது ஆவுடைக்கு வயிற்றுவலி வந்தது. தொட்டுப் பார்த்ததுமே தெரிந்தது, குடல்வால் வீங்கி வெடிக்கக் காத்திருக்கிறது. தள்ளிப்போட வழியில்லை. சாதாரணக் காலமாக இருந்தால் சொந்தப் பெண்டாட்டியை நான் அறுக்கமாட்டேன். வேறு ஆளில்லை.

"நீங்க எங்க அறுக்கப் போறீங்க? அவ கைதானே அறுக்கப் போவுது," என்றாள் ஆவுடை ஸ்ட்ரெச்சரில் போகும்போது. "நீங்கதான் அறுக்கதுன்னா நான் இப்படியே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவேன்."

முதுகில் ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். வாய் மரத்துப்போகவில்லை. நடுவில் துணி கட்டியிருந்தபடியால் அவளுக்கு என்னைத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்த பிரிஸ்காவைத் தெரியும். இருவரும் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"நேத்து நண்டு எப்படி இருந்துச்சுட்டி?"

"உப்பு கொஞ்சம் தூக்கல் அக்கா. ஆனா அம்மா வச்ச மாதிரியே இருந்துச்சு."

"கை ஆடிட்டு. உப்பு தானா விழுந்துட்டு."

இத்தனைக்கும் நடுவே கை வேலை செய்துகொண்டிருந்தது. கீறியாயிற்று. குடல்வாலைத் தேடி எடுத்தாயிற்று. அதன் அடியில் நூலைக் கொடுத்து இறுக்கிக் கட்டவேண்டிய இடம். கொஞ்சம் பிசகினால் உள்ளேயிருக்கும் சீழ் வயிறு முழுக்கப் பரவிவிடும். அதுதான் உயிர் நிற்கிற இடம்.

அப்போது பிரிஸ்காவின் தலையில் ஒரு பல்லி விழுந்தது.

காற்றை வடிகட்டி அனுப்பும் அறைக்குள் பல்லி எப்படி வந்தது என்று அரசாங்கம் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது. விழுந்தது நிஜம். பிரிஸ்கா வயிற்றைக் கீறுகிறவள், நண்டைக் கடித்துத் தின்கிறவள். பல்லி என்றால் அவளுக்கு ஆகாது. "மாதாவே!" என்று அலறிக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தாள். மாட்டியிருந்த வலைக்கையுறையோடு இரண்டு கையாலும் தலையை அடித்துக்கொண்டாள். உதறினாள். அறைக்குள் ஓடினாள்.

தங்கபுஷ்பம், "சார், கை!" என்று கத்தினாள்.

அந்தக் கை இப்போது ஆவுடையின் வயிற்றுக்குள் உதறப்போகிறது. கையுறையைக் கழற்ற நேரமில்லை.

கை உதறவில்லை.

அது நூலை வளைத்தது. முதல் முடிச்சைப் போட்டது. மெதுவாக இறுக்கியது. இரண்டாவது முடிச்சைப் போட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரிஸ்கா கட்டில்மேல் ஏறி நின்று பாவாடையை உதறிக்கொண்டிருந்தாள்; இந்தப் பக்கம் கை மூன்றாவது முடிச்சைப் போட்டு, கத்திரிக்கோலுக்காக உள்ளங்கையை விரித்து நீட்டியது. தங்கபுஷ்பம் கத்திரிக்கோலை வைத்தாள். வைத்துவிட்டு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சத்தம்?" என்றாள் ஆவுடை.

"பல்லி," என்றேன்.

"எங்க விழுந்துச்சு? வலமா இடமா? பலன் பாக்கணும்."

தோலைத் தைத்து முடிக்கும்வரை பிரிஸ்கா கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

நாச்சிமுத்து வந்து கையுறையைத் தன் பெட்டியோடு இணைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு திரும்பவும் பெட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், கோவிச்சுக்கமாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லட்டுங்களா? இது அந்தம்மா கை இல்லீங்க. உங்க கைங்க."

"என்னவே சொல்லுதீரு?"

"உங்க நடுக்கத்தை இது நல்லாப் படிச்சுப்போடுச்சுங்க. நடுக்கத்தைக் கழிச்சுட்டா மிச்சம் இருக்கறது நீங்க செய்ய நெனைக்கறதுதானுங்களே? அந்தம்மா அசைவு கம்பியில வந்து சேர்றதுக்கு முன்னாடியே நீங்க மனசுல முடிச்சுப் போட்டுடறீங்க. எது முந்தி வருதோ அதை இது எடுத்துக்கும். உங்களுது முந்தீருதுங்க."

"பிரிஸ்கா திரையில பாத்துக்கிட்டுத்தானே இருந்தா? அவளுக்குத் தெரியாதா?"

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி வேலை செய்யறீங்களே! அவங்க ஒரு முடிச்சுப் போடறாங்க, திரையிலயும் அதே முடிச்சு விழுது. அவங்க போட்டதுன்னுதான நெனைப்பாங்க?"

"எப்ப இருந்து இப்படி?"

பெட்டியைத் தட்டினார். "ஆரம்பிச்ச ரெண்டாவது வாரத்துல இருந்துங்க."

அந்தப் பீடி முதலாளி, மண்ணீரல் கிழிந்தவன், வார்டு வார்டாகப் படுத்து எழுந்துபோன அத்தனை பேரும். எல்லாம் என் கை. மாதக்கணக்காக நான் வயிறெரிந்தது என் கையைப் பார்த்து. வராண்டாவுக்கு ஓடிப்போய், அந்த வேப்பிலையையும் மெழுகுவர்த்தியையும் அப்படியே என் பக்கம் திருப்பி வைக்கவேண்டும்போல இருந்தது. பழக்கடைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். என்ன பேசவேண்டும் என்று வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

கலெக்டருக்கு போன் போட்டேன். இனிமேல் கண்ணாடி அறை வேண்டாம், கையுறையே போதும் என்றதும் அவர் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். நாச்சிமுத்து பேசிய பிறகு சரி என்றார். கதவைத் திறக்கப் போனோம். நாச்சிமுத்துவும் தங்கபுஷ்பமும் என் பின்னாலேயே வந்தார்கள்.

பிரிஸ்கா வாசலைத் தாண்டவில்லை. அதற்குள் அவளுக்குப் பாதி விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சுவருக்கெல்லாம் வாய் உண்டு.

"நான் தேவையில்லைன்னு சொல்லுதாங்களே சார்?"

"கல்யாணத்துக்குப் போ. காய்ச்சல் வந்தா உனக்கும் ஒரு கையுறை வாங்கித் தாரேன்."

"அது இல்ல சார்." கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ இத்தனை நாளும் நான் இங்க உக்காந்து வெறுங்காத்தைத்தான் தச்சுக்கிட்டு இருந்தேனா? எங்க அப்பா காய்ச்சலா கெடக்கையில கூடப் போகல. ரெண்டு கல்யாணத் தேதி போச்சு. எல்லாம் சும்மாவா? எப்ப இருந்து சார் என் கை இல்ல? அதை மட்டும் சொல்லுங்க."

நான் தயார்செய்து வைத்திருந்த பேச்சு தொண்டையில் நின்றது. முழுசாக, அழகாக, உண்மையாக நின்றது.

"பல்லி விழுந்ததுல இருந்து," என்றேன்.

"பல்லியா?"

"பல்லி விழுந்ததும் நீ கையை உதறினேல்ல? மெஷின் பயந்துபோய் என் பக்கம் வந்துட்டு. அதுவரைக்கும் எல்லாம் உன் கைதான். மண்ணீரல் கிழிஞ்சு வந்தானே, அவன்கூட."

"இல்லீங்க சார், அது வந்துங்க..." என்று நாச்சிமுத்து ஆரம்பித்தார். தங்கபுஷ்பம் அவர் காலை மிதித்தாள். நல்ல கனமான மனுஷி.

பிரிஸ்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பஸ்ஸில் ஊசி கோத்த முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு வேப்பிலைத் தோரணத்தை ஒதுக்கிவிட்டு வெளியே வந்து, நேராக டீக்கடைக்குப் போனாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஊர் பாதிக்குமேல் போய்விட்டு வந்தது. எல்லோரும் மணப்பெண்ணின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம். மாப்பிள்ளை மோதிரம் போடுவதற்கே வரிசையில் நிற்கவேண்டியிருந்ததாம். நான் போகவில்லை. தியேட்டரில் வேலை இருந்தது, ஆவுடையும் படுக்கையில் இருந்தாள்.

அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியில் எடுத்ததில் முக்கால்வாசி தலையணைக்குப் போனது.

"வலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"உள்ள அறுத்தாளே, அந்த இடம் ஒண்ணுமே தெரியல. பூ மாதிரி இருக்கு. அதான் கைராசிங்கது." கொஞ்சம் புரண்டு படுத்து முகத்தைச் சுளித்தாள். "பல்லி விழுந்த பொறகு நீங்க தச்சீங்களே, மேல, அதான் இன்னும் சுருக்குச் சுருக்குன்னு குத்துது."

அடுத்த கரண்டியை எடுத்தேன். வயிறு பற்றி எரிந்தது.